ஒளியிழைத் தொழில்நுட்பப் பயிற்சி: சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு ஏன் அவசியம்?

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் அரசு அலுவலகம், மருத்துவமனை, கல்லூரி, வீடு என எங்கும் அதிவேக இணையச் சேவைக்கு ஒளியிழை வடங்களே அடிப்படையாக உள்ளன. ஆனால், வடம் ஊர் எல்லையை அடைந்துவிட்டதாலேயே சேவை நிலைத்துவிடாது. தலைமுடி அளவே பருமன் கொண்ட கண்ணாடி இழைகளைப் பிசகின்றி இணைக்கவும், அறுந்த இடத்தைக் கண்டறிந்து சீரமைக்கவும் பயிற்சி பெற்ற பணியாளர்கள் தேவை.

மின்கம்பங்கள் வழியே வந்த வடம்

ஆந்திர மாநில அரசின் ஃபைபர்நெட் திட்டத்தை 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தொடங்கிவைத்தார். செலவையும் காலத்தையும் குறைப்பதற்காக, வடங்கள் பெரும்பாலும் மண்ணில் புதைக்கப்படாமல் மின்கம்பங்களின் வழியே கொண்டு செல்லப்பட்டன. இதனால் விரைவான விரிவாக்கம் சாத்தியமானது. அதே வேளையில் காற்று, மழை, முறிந்து விழும் மரக்கிளை, உயரமான சுமையுந்து ஆகியவற்றால் வடம் அறுபடும் வாய்ப்பும் கூடியது. 2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளத்தில் ஆழ்த்தியது போன்ற கனமழைக் காலங்களில், துண்டிக்கப்பட்ட இணைப்பு எத்தனை மணி நேரத்தில் மீள்கிறது என்பது உள்ளூரில் கிடைக்கும் திறமையைப் பொறுத்தது.

மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்திலும் இதே நிலைதான். 2011-இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் இலக்கு சுமார் 2.5 லட்சம் கிராம ஊராட்சிகள். 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி மதிப்பில் ஒப்புதல் அளிக்கப்பட்ட திருத்திய திட்டத்தில், கட்டமைப்புடன் பராமரிப்புக்கும் முக்கிய இடம் தரப்பட்டுள்ளது.

இணைப்பில்தான் நுட்பம்

நெடுந்தொலைவுக்குப் பயன்படும் இழையின் மொத்தப் பருமன் 125 மைக்ரான். ஒளி பயணிக்கும் மையப்பகுதியோ சுமார் 9 மைக்ரான் மட்டுமே. இரண்டு இழைகளின் மையங்களும் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால் ஒளி கசிந்து வீணாகும்.

எனவே, மேலுறையை நீக்குதல், ஆல்கஹாலால் துடைத்தல், முனையைச் செங்குத்தாக வெட்டுதல், மின்பொறியால் உருக்கி ஒட்டுதல் என ஒவ்வொரு படியும் பயிற்சியில் பலமுறை செய்து பழக்கப்படுகிறது. ‘ஸ்பிளைசிங்’ எனப்படும் இவ்வேலையில் கருவி தானாகவே இழைகளை ஒட்டிவிடும். எனினும், முனையில் தூசு இருந்தாலோ, வெட்டு சாய்ந்திருந்தாலோ கருவியால் எதுவும் செய்ய இயலாது.

இழப்பை டெசிபல் அளவில் கணக்கிடுகின்றனர். 3 டெசிபல் இழப்பு என்றால் ஒளியில் பாதி போய்விட்டது என்று பொருள். வீட்டு இணைப்புகளில் பரவலாக உள்ள முறையில் மொத்தம் 28 டெசிபல் வரை இழப்பைத் தாங்க முடியும். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்பானுக்கே அதில் ஏறத்தாழ 17 டெசிபல் செலவாகிறது. 10 கி.மீ. தொலைவுக்குச் சுமார் 3.5 டெசிபல் போனால், எஞ்சுவது 7.5 டெசிபல். நல்ல இணைப்பு ஒன்று 0.1 டெசிபலுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். கவனக்குறைவான சில இணைப்புகள் சேர்ந்தால், கடைசி வீட்டில் இணையம் அடிக்கடி நின்றுபோகும்.

பழுதைக் கண்டறிவது எப்படி?

பழுதைத் தேட ‘ஓடிடிஆர்’ என்ற கருவி பயன்படுகிறது. அது அனுப்பும் ஒளித்துடிப்பு, முறிந்த இடத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. ஆனால் கருவி காட்டுவது இழையின் நீளத்தையே தவிர, சாலையின் நீளத்தை அன்று. கம்பங்களில் சுருட்டி வைக்கப்பட்ட உபரி வடத்தையும் கணக்கில் கொள்ளாதவர் தவறான கம்பத்தில் ஏறுவார். ஆகவே வழித்தட வரைபடத்தைப் படிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

பாதுகாப்பும் அதே அளவு முக்கியம். தகவல் சுமக்கும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. இருப்பினும் இழை முனையை நேராக உற்றுநோக்கினால் விழித்திரை பாதிக்கப்படலாம். வெட்டிய கண்ணாடித் துணுக்குகள் தோலில் தைத்தால் எடுப்பது கடினம். மின்கம்பத்தில் பணிபுரிவோருக்கு மின்தடை உறுதிசெய்தல், பாதுகாப்புப் பட்டை அணிதல் ஆகியவை கட்டாயம்.

வேலைவாய்ப்பும் தேர்வும்

இத்திறன் இணையச் சேவையோடு முடிந்துவிடுவதில்லை. கைப்பேசிக் கோபுரங்கள், ரயில்வே தகவல் தொடர்பு, ஸ்ரீசிட்டி போன்ற தொழில் வளாகங்கள் ஆகியவற்றுக்கும் ஒளியிழை அவசியம். பாலங்களின் அதிர்வையும் குழாய்களின் வெப்பத்தையும் அளக்கும் உணரிகளிலும் அது பயன்படுகிறது.

வடிவமைப்பு, ஆய்வுப் பணிகளை விரும்புவோருக்கு ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 2015-இல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடி போன்ற உயர்கல்வி நிறுவனங்கள் அருகிலேயே உள்ளன. களப்பணிக்கு இத்தகைய பட்டம் தேவையில்லை. ஒளியிழை இணைப்பாளர், ஒளியிழைத் தொழில்நுட்பப் பணியாளர் ஆகிய பணிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறைத் திறன் மன்றம் தனித்தனித் தகுதி வரையறைகளை வகுத்துள்ளது.

பயிற்சியில் சேருமுன் மாணவர்கள் சில கேள்விகளைக் கேட்பது நல்லது. சான்றிதழுக்கு அரசு அங்கீகாரம் உண்டா? ஒரு கருவியை எத்தனை பேர் பகிர வேண்டும்? ஒவ்வொருவரும் தம் கையால் எத்தனை இணைப்புகள் செய்வர்? ஓடிடிஆர் கருவியைத் தாமே இயக்க வாய்ப்பு உண்டா? வகுப்பறைப் பாடத்தோடு முடியும் பயிற்சியைவிட, கருவியைக் கையில் தரும் பயிற்சியே வேலைக்கு உதவும்.