சைக்கிளை விட்டு இறங்குவதற்கு என்ன அர்த்தம்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியுமுன்னே ஆட்கள் கூடி நிற்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலை என்று சொல்லுவார். கேட்டுக்கொண்டு கலைய வேண்டியதுதான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், புஞ்சாக் ஆலாம் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தினமும் கூடி நின்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் வரவேயில்லை.

உரையாடல் என்றால் இனிமையாகப் பேசுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரே செயலுக்கு முதலாளி ஓர் அர்த்தம் வைத்திருப்பார், தொழிலாளி வேறோர் அர்த்தம் வைத்திருப்பார். இரண்டையும் நடுவில் வைத்து, “உங்களுக்கு இது என்னவாக இருக்கிறது?” என்று கேட்டு, பதில் முழுதாக வரும்வரை பொறுத்திருப்பதுதான் உரையாடல். அப்போதுதான் இருவருக்கும் பொதுவான ஓர் அர்த்தம் பிறக்கும்.

அது பிறக்காமல் போனதை 1941-இல் சிலாங்கூர் பார்த்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கோரிக்கைகளை வைத்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றோடு இன்னொன்றும் அதில் இருந்தது: தோட்ட மேலாளரான துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்.

அந்தக் கோரிக்கையில்தான் எனக்கு எல்லாமே தெரிகிறது. துரைக்கு அப்படி இறங்குவது ஒழுங்கு. இறங்கியவனுக்கோ, பிள்ளைகள் பார்க்க நடந்த அவமானம். கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள், கொந்தளிப்பு அடங்கவில்லை. காசைப் பற்றி மட்டும் பேசினால் எப்படி அடங்கும்? மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். படை வந்தது. தொழிலாளர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, பேரம் பேச ஒரு மேசை கிடைத்தது. பெரிய மாற்றம்தான். ஆனாலும் பேரத்தில் தொகை மாறும், அர்த்தம் மாறாது.

வட சிலாங்கூரில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடியதை நினைத்துப் பாருங்கள். நிர்வாகக் கணக்கில் லயன் வீடு வேலையோடு வரும் குடியிருப்பு. வேலை முடிந்தால் அதுவும் முடிந்தது. அங்கே பிறந்து, மணமாகி, பெற்றோரை அதே தோட்டத்தில் அடக்கம் செய்தவருக்கு அதுதான் ஊர். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் சேர்ந்த ஊர். இந்த அர்த்தமும் மேசைக்கு வந்துவிட்டால், “இழப்பீடு எவ்வளவு?” என்ற கேள்வி பின்னால் போய், “இவர்கள் எங்கே சேர்ந்து வாழ்வார்கள்?” என்ற கேள்வி முன்னால் வரும். அதற்கு மேலாளர் கோயில் வாசலில் வந்து உட்கார வேண்டும், தமிழில் கேட்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.