25 அணுத் தங்கத்தின் சிவப்பு ஒளி

மாட்டு ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அல்புமின் புரதத்தைத் தண்ணீரில் கரைத்து, 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைக்கிறார்கள். நம் உடம்பின் சூடுதான் அது. அதில் குளோரோஆரிக் அமிலம் என்ற தங்கச் சேர்மத்தின் கரைசலை ஊற்றிக் கலக்குகிறார்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். பிறகு 12 மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். இளமஞ்சளாக இருந்த கரைசல் இளம்பழுப்பாகி, கடைசியில் கஷாயம் போல அடர்ந்து நிற்கும். புற ஊதா விளக்கைக் காட்டினால் குடுவை முழுவதும் செக்கச் சிவந்து ஒளிரும்!

சிங்கப்பூரில் ஜாக்கி யிங், ஜியான்பிங் ஷியே உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட முறை இது. கடினமான வேலை எல்லாம் புரதத்தின் பொறுப்பு. காரம் சேர்ந்ததும் அதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் எலெக்ட்ரான்களைக் கொடுத்துத் தங்க அயனிகளை அணுக்களாக மாற்றுகிறது. சிஸ்டீன் என்ற இன்னோர் அமினோ அமிலத்தில் இருக்கும் கந்தகம் அந்த அணுக்களை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதனால் துகள் வளர வழியில்லாமல் சுமார் 25 அணுக்கள் கொண்ட கொத்தாக நின்றுவிடுகிறது.

இந்தச் சிறுமைதான் ஒளிர்வுக்குக் காரணம். கட்டித் தங்கமும் ஒளிரத்தான் செய்கிறது. ஆனால் 1969-இல் மூராடியன் என்ற ஆய்வாளர் அளந்தபோது, உறிஞ்சிய ஆயிரம் கோடி ஒளித்துகள்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஒளி வந்தது. 1857-இல் ஃபாரடே தயாரித்த தங்க நுண்துகள் கரைசலின் அழகிய சிவப்பு, வெளிச்சத்தை உறிஞ்சுவதாலும் சிதறடிப்பதாலும் வரும் நிறம், ஒளிர்வு அல்ல. துகள் 2 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கும்போது எலெக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. மேல் மட்டத்துக்குப் போன எலெக்ட்ரான் கீழே இறங்கும்போது ஒளி பிறக்கிறது. சிங்கப்பூர்க் கொத்துகள், உறிஞ்சும் 100 ஒளித்துகள்களுக்குச் சுமார் 6-ஐ, 640 நானோமீட்டர் அலைநீளத்தில் திருப்பித் தந்தன.

அந்தச் சிவப்பு உயிரியலாளர்களுக்குப் பெரிய வரம். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிடும்; சிவப்பும் அதை ஒட்டிய அகச்சிவப்பும் தசையைத் தாண்டி வெளியே வரும். குவாண்டம் புள்ளிகள் எனப்படும் காட்மியம் கலந்த நுண்துகள்கள் இதைவிடப் பளிச்சென்று ஒளிரும் என்றாலும், காட்மியம் நஞ்சு. கொச்சியிலுள்ள அமிர்தா நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சென்னை ஐ.ஐ.டி.யின் பிரதீப் குழுவினரும் 2010-இல் இந்தத் தங்கக் கொத்துகளோடு ஃபோலிக் அமிலத்தை இணைத்தார்கள். பல புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏராளம். அத்தகைய செல்கள் கொத்துகளை ஆவலோடு உள்ளே இழுத்துக்கொண்டு ஒளிர்ந்தன.

ஆனால் உடம்புக்குள் செலுத்துவதென்றால், எவ்வளவு ஒளிர்கிறது என்பதைவிட எப்படி வெளியேறுகிறது என்பதே முக்கியம் என்பேன். சிறுநீரகத்தின் வடிகட்டி சுமார் 5.5 நானோமீட்டருக்கு மேற்பட்டதை எளிதில் விடாது. தங்கம் சிறிதுதான், அதைப் போர்த்தியிருக்கும் அல்புமின் பெரிது. அதனால்தான் ஆய்வாளர்கள் சிலர், வெறும் மூன்று அமினோ அமிலங்களால் ஆன குளுட்டதயோனைப் போர்வையாக்கினார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் ஜீ செங் குழுவினர் அப்படிச் செய்த ஒளிரும் தங்கத் துகள்களை எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். பாதிக்கும் மேற்பட்ட தங்கம் 24 மணி நேரத்துக்குள் சிறுநீரில் வந்துவிட்டது.