கணவனோடு வாழக் கணக்கு!

சமணர் மலை அடிவாரத்தில் இருக்கிறது, மதுரையை அடுத்த கீழக்குயில்குடி. அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற லண்டன் மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு முதல் விசா 33 மாதம். பிறகு என்ன?

விசாவை நீடிக்க, வருமானக் கணக்கு காட்டவேண்டும்! 2012-ல் ஆண்டுக்கு 18,600 பவுன் என்று விதித்தார்கள். 2024 ஏப்ரல் 11-ந்தேதி அதை 29,000 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முன்பே மனு செய்து வந்தவர்கள், அதே துணையுடன் நீடிக்கப் பழைய கணக்கே போதும்.

மனைவி சம்பளம்

முதல் தடவை கணவன் சம்பளம் மட்டுமே கணக்கு. நீடிக்கும்போது, அங்கே மனைவி சம்பாதிப்பதும் சேரும். கழுத்து நகை சேராது!

ஆகவே, 6 மாதச் சம்பளச் சீட்டும் பாங்கிக் கணக்கும் பத்திரம். நகைப் பெட்டியிலேயே பூட்டி வைக்கலாம்!