இடக்கையால் ஒரு கையெழுத்து

மாப்பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு மாமியார் பட்ட பாட்டில்தான் உலகின் மிகப் பிரபலமான ஆளுமைச் சோதனை பிறந்தது. 1917-இல் வாஷிங்டனில் வாழ்ந்த கேத்தரின் பிரிக்ஸ், தன் மகள் இசபெல் மணக்க விரும்பிய கிளாரன்ஸ் மையர்ஸ் என்ற இளைஞரைச் சந்தித்தார். நல்ல பையன்தான். ஆனால் அவர் யோசிக்கும் விதமே வேறாக இருந்தது. கேத்தரின் வீட்டார் கற்பனையில் தாவுகிறவர்கள். கிளாரன்ஸோ விவரம் விவரமாகப் பார்த்து, தர்க்கம் பிசகாமல் அடியெடுத்து வைப்பவர். வேறொரு மாமியாராக இருந்திருந்தால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டிருப்பார். கேத்தரின் புத்தகங்களைத் தேடிப் போனார். மனிதர்கள் ஏன் இப்படி வேறுபடுகிறார்கள் என்று படித்துப் படித்து, அவர்களை நான்கு வகையாகப் பிரித்துக் குறிப்பெடுத்தார்.

1923-இல் கார்ல் யுங்கின் 'உளவியல் வகைகள்' ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்ததும் கேத்தரின் தன் குறிப்புகளை நெருப்பில் போட்டுவிட்டார். தான் தேடியதை இந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் இன்னும் ஆழமாகக் கண்டுவிட்டார் என்று அவருக்குப் பட்டது.

யுங்கின் நூலுக்குப் பின்னாலும் ஒரு மனவருத்தம் உண்டு. குருவாக நினைத்த ஃபிராய்டுடன் 1913-இல் அவருக்கு உறவு முறிந்தது. ஃபிராய்டின் இன்னொரு சகாவான ஆட்லர் அதற்கு முன்பே அவரைவிட்டுப் பிரிந்திருந்தார். ஒரே நோயாளியை ஃபிராய்டு ஒருவிதமாகப் பார்க்கிறார், ஆட்லர் வேறுவிதமாகப் பார்க்கிறார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அப்படியானால் பார்க்கும் கண்தான் வேறா? இந்தக் கேள்வியிலிருந்துதான் உள்நோக்கித் திரும்பும் அகமுகம், வெளியுலகை நோக்கித் திரும்பும் புறமுகம் என்ற பிரிவு உருவாகி, 1921-இல் ஜெர்மன் மொழியில் நூலானது. இந்தப் பின்னணியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். யுங்கும் சரி, கேத்தரினும் சரி, தங்களைப் போல் இல்லாத இன்னொருவரை மதிக்க வழி தேடியபோதுதான் வகைகளைக் கண்டார்கள்.

சோதனையாக வடித்தவர் இசபெல். அவர் உளவியல் பட்டம் பெற்றவர் அல்லர். துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்ற கேள்வி அமெரிக்காவில் எங்கும் எழுந்தபோது, ஃபிலடெல்ஃபியாவில் வங்கி ஒன்றின் பணியாளர் மேலாளராக இருந்த எட்வர்ட் ஹேயிடம் சேர்ந்து, கேள்வித்தாள் தயாரிப்பையும் புள்ளியியலையும் கற்றுக்கொண்டார். தெம்பு வெளியிலிருந்து வருகிறதா, உள்ளிருந்தா? கண்ணெதிரே உள்ள விவரத்தை நம்புகிறீர்களா, உள்ளுணர்வையா? தர்க்கத்தால் முடிவெடுக்கிறீர்களா, மனிதர்களின் மனநிலையைப் பார்த்தா? எதையும் சீக்கிரம் முடித்துவிடத் துடிப்பவரா, கடைசிவரை வழியைத் திறந்து வைப்பவரா? நான்கு இணைகள், இணைக்கு ஓர் எழுத்து, மொத்தம் பதினாறு வகைகள். 1962-இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற நிறுவனம் அதை வெளியிட்டது. எம்.பி.டி.ஐ. என்று இன்று சொல்கிறோமே, அதுதான்.

தென் கொரியாவில் இப்போது இளைஞர்கள் அறிமுகமாகும்போதே நான்கு எழுத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். சில வேலை விளம்பரங்களில்கூட அதைக் கேட்டிருக்கிறார்கள். இப்போது சோதனையை வெளியிடும் நிறுவனமே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. நம் ஊர் அலுவலகப் பயிற்சி வகுப்புகளிலும் அரைநாளில் சோதனை முடிந்து, ஆளுக்கொரு முத்திரையோடு எல்லோரும் இருக்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். 'நான் ஐ.என்.எஃப்.ஜே., எனக்குக் கூட்டம் ஒத்துவராது' என்று சொன்னபிறகு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. சுயபரிசோதனைக்கு வந்த கருவி, அதைத் தட்டிக்கழிக்கும் சாக்காகிவிடுகிறது.

ஆய்வாளர்கள் இந்தச் சோதனை மீது வைக்கும் குறைகள் நியாயமானவை. பெரும்பாலானோரின் மதிப்பெண் நடுக்கோட்டை ஒட்டியே விழுகிறது. கோட்டுக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம் இருப்பவர் அகமுகர், ஒரு புள்ளி அந்தப் பக்கம் இருப்பவர் புறமுகர். அதனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானோருக்கு வகை மாறிவிடுகிறது. ஆளுமையைத் துண்டாக்காமல் ஐந்து அளவுகோல்களில் கூட, குறைய என்று அளக்கும் முறையைத்தான் இன்றைய உளவியல் ஆய்வு நம்புகிறது.

இன்னொரு எச்சரிக்கை 1948-ஐச் சேர்ந்தது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, தனித்தனியே முடிவு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பாலும் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். ஆகவே உங்கள் வகை பற்றிய குறிப்பைப் படிக்கும்போது, ஒவ்வொரு வரியையும் உங்கள் தங்கைக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் பொருத்திப் பாருங்கள். அவர்களுக்கும் பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடலாம். உங்களுக்கு மட்டும் குத்துகிற வரி ஒன்றிரண்டு மிஞ்சும். பிடித்துக்கொள்ள வேண்டியது அவற்றைத்தான்.

இத்தனைக்குப் பிறகும் வகைகளை நான் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். எம்.பி.டி.ஐ. வகுப்புகளில் ஒரு பயிற்சி தருவார்கள். முதலில் வழக்கமான கையால் கையெழுத்துப் போடுங்கள், பிறகு மற்றக் கையால். முதலாவது யோசிக்காமலேயே வந்துவிடும். இரண்டாவதற்கு நேரம் பிடிக்கும், கோணும், கவனம் முழுவதையும் கேட்கும். ஆனாலும் போட முடிகிறது. வகை என்பது நமக்கு எந்தக் கை பழக்கம் என்பதை மட்டுமே சொல்கிறது. வளர்ச்சிக்கு வேலை இருப்பது மற்றக் கையில்.

யுங் அதைத்தான் வலியுறுத்தினார். ஒரு திறனை மட்டும் கூர்தீட்டிக்கொண்டே போகிறவரிடம் அதற்கு எதிரான திறன் குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. பிறகு வேண்டாத நேரத்தில் வெடித்துக் கிளம்புகிறது. எப்போதும் தர்க்கம் பேசும் அதிகாரி, ஒரு சின்ன அவமானத்தில் குழந்தைபோல் குமுறுவதைப் பார்த்திருப்போம். 1959-இல் பி.பி.சி.க்கு அளித்த பேட்டியில் யுங்கிடம் அவருடைய வகை என்ன என்று கேட்டார்கள். தன்னிடம் சிந்தனையும் உள்ளுணர்வும் அதிகம், உணர்ச்சி விஷயத்தில் சிரமம் இருந்தது, நடைமுறை உலகத்தோடும் பல நேரம் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மனிதர்தான் 1923 முதல் சூரிச் ஏரிக்கரையில் பொலிங்கன் என்ற இடத்தில் கல்வீடு ஒன்றை எழுப்பிவந்தார். அங்கே மின்சாரம் கிடையாது. விறகு பிளப்பார், சமைப்பார், கல் செதுக்குவார். தன்னிடம் குறைவாக இருந்த புலன் உலகத்தை வேண்டுமென்றே தேடிப்போய் உழைத்தார் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

நம் வீட்டுக்கு வருவோம். அறுபது நாளுக்கு முன், முன்பதிவு திறக்கும் காலை எட்டு மணிக்கே ரயில் டிக்கெட் எடுத்துவிடும் அப்பா. தத்காலில் பார்த்துக்கொள்ளலாம் என்னும் மகள். 'பொறுப்பே இல்லை' என்கிறார் அவர். 'அப்பாவுக்கு எல்லாத்துக்கும் டென்ஷன்' என்கிறாள் அவள். இருவரும் எதிராளியின் குணத்தில் குறை சொல்கிறார்கள். முடித்துவிட்டால் நிம்மதி காண்பவர் ஒருவர், வழி திறந்திருந்தால் நிம்மதி காண்பவர் மற்றவர் என்று தெரிந்தால் பேச்சின் சூடு தணியும். அடுத்த படி இன்னும் கடினம். பயணத்தில் ஒரு நாளையாவது திட்டமில்லாமல் விட அப்பா பழக வேண்டும். திரும்பும் டிக்கெட்டை மகள் இன்றே எடுக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் ஆளுமையே நகரும் என்பதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் நேதன் ஹட்சனும் அவருடைய சகாக்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மாற விரும்பிய மாணவர்கள் 15 வாரம் சிறு சிறு பணிகளை ஏற்றார்கள். கடைக்காரரிடம் ஒரு வணக்கம் சொல்வது போன்ற எளிய பணிகளும் அதில் இருந்தன. செய்து முடித்தவர்களிடம் விரும்பிய திசையில் மாற்றம் தெரிந்தது. ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்கள் அந்தப் பலனைப் பெறவில்லை, சற்றுப் பின்வாங்கவும் செய்தார்கள். ஆசை மட்டும் போதாது. அதனால் பணி சிறிதாக இருப்பதே நல்லது.

மற்றக் கையால் எழுதுவதற்கு ஒரு விலையும் உண்டு. கனடா நாட்டு உளவியலாளர் பிரையன் லிட்டில் தீவிர அகமுகர். ஆனால் வகுப்பறையில் அவரைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். அத்தனை துள்ளல், அத்தனை சிரிப்பு. மாணவர்கள் மேல் உள்ள அன்புக்காகவே தன் இயல்பைத் தாண்டி நடப்பதாகச் சொல்வார். ரிஷெல்யூ ஆற்றங்கரையில் இருந்த ராணுவக் கல்லூரி ஒன்றில் ஆண்டுதோறும் உரையாற்றுவார். காலை உரை முடிந்ததும் அதிகாரிகள் சாப்பிட அழைப்பார்கள். ஆற்றில் போகும் படகுகளைப் பார்க்கப் பிடிக்கும் என்று சொல்லித் தனியே நடக்கப் போய்விடுவார். கல்லூரி வேறிடத்துக்கு மாறியபின் ஆறும் இல்லை. கழிவறைக்குள் போய் உட்கார்ந்து தெம்பைத் திரட்டிக்கொண்டார். நேசிக்கும் வேலைக்காக, நேசிக்கும் மனிதர்களுக்காக இயல்பைத் தாண்டலாம், ஆனால் தாண்டியபின் ஒதுங்கி இளைப்பாற ஓர் இடம் வேண்டும் என்பது அவர் கருத்து.

அந்த இடத்தை வீட்டாரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டும். கூட்டத்தில் களைத்துப்போகும் மனைவி, கணவரின் ஒன்றுவிட்ட தம்பி கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிடலாம்: "முகூர்த்தத்துக்கு வந்து கடைசிவரை சிரிச்ச முகமா நிக்கிறேன். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு நீங்களும் அத்தையும் போயிட்டு வந்துடுங்க."