ஒரு தோட்டாகூட வெடிக்காத இரவு

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி 33 வயது இந்திய ஊழியர் ஒருவர் மாண்டார். அதன்பின் மூண்ட கலவரத்தில் கான்கிரீட் துண்டுகள், போத்தல்கள், சாக்கடை மூடிகள் என்று கைக்குக் கிடைத்தவை எல்லாம் பறந்தன. 20க்கும் மேற்பட்ட அவசரகால வாகனங்கள் சேதமடைந்தன. அவற்றில் 5 எரிந்தன. பணியில் இருந்த அதிகாரிகள் 54 பேர் காயமடைந்தனர்.

கலவரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. விபத்தில் மாண்டவரைத் தவிர அன்றிரவு வேறு ஓர் உயிர்கூடப் போகவில்லை. முதலில் வந்த காவல்துறை அதிகாரிகளின் இடுப்பில் ரிவால்வர்கள் இருந்தன. ஒருவரும் சுடவில்லை.

இதைக் கோழைத்தனம் என்று அப்போது சிலர் கேலி செய்தனர். அதிகாரிகள் சிலர் ஆம்புலன்சுக்குள் ஒதுங்கியதும் பிறகு அதிலிருந்து இறங்கி ஓடியதும் காணொளியில் பரவியது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழுவும் காவல்துறையைச் சும்மா விடவில்லை. சிறப்பு நடவடிக்கைப் பிரிவு வரும்வரை கூட்டத்தைக் கலைக்காமல் காத்திருந்ததை 2014ல் வெளியான அதன் அறிக்கை குறைகூறியது. தகவல் தொடர்பில் இருந்த குளறுபடிகளையும் சுட்டிக்காட்டியது. அந்தக் குறைகள் உண்மையானவை. ஆனால், காத்திருக்க முடிந்தது என்பதே ஒரு வசதி. எதிரே நிற்பவர் கையில் கல் இருக்கலாம், போத்தல் இருக்கலாம், துப்பாக்கி இருக்காது என்று அந்த அதிகாரிகளுக்குத் தெரியும். ஒதுங்கலாம், பின்வாங்கலாம், கேடயம் ஏந்தி உள்ளே போய்ப் பேருந்தில் சிக்கியவர்களை மீட்கலாம்; மீட்கவும் செய்தனர். நள்ளிரவுக்கு முன்பே கலவரம் அடங்கிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நான்கைந்து பேரிடம் கைத்துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பட்டாசு வெடித்தாலும் அதிகாரியின் கை ரிவால்வருக்குத்தான் போயிருக்கும். பின்னர் வழக்குத் தொடுக்கப்பட்ட 25 பேரும் இந்திய நாட்டவர்கள். அன்று தோட்டாக்கள் பாய்ந்திருந்தால் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றுக்கு உடல்கள் போயிருக்கும். காவல்துறையிலும் தேசிய சேவையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் உங்களைவிட இரண்டு, மூன்று வயதுதான் மூத்தவர்கள்.

இது வெறும் கற்பனை அல்ல. 2016 ஜூலை 6ஆம் தேதி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபிலாண்டோ கஸ்டில் என்ற பள்ளி உணவகப் பணியாளரின் காரைக் காவல்துறை அதிகாரி ஒருவர் நிறுத்தினார். தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கஸ்டில் முன்கூட்டியே பணிவுடன் சொன்னார். அதற்கு அவரிடம் உரிமமும் இருந்தது. சில விநாடிகளில் அதிகாரி சுட்டுவிட்டார். கஸ்டில் இறந்தார். அந்த அதிகாரியை நீதிமன்றம் மறு ஆண்டு விடுவித்தது.

மறுநாள் டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில், காவல்துறையின் துப்பாக்கிச் சூடுகளைக் கண்டித்து ஊர்வலம் நடந்தது. அங்கே மறைந்திருந்து ஒருவர் சுட்டதில் காவல்துறை அதிகாரிகள் ஐவர் மாண்டனர். அந்த மாநிலத்தில் நீளத் துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்திச் செல்வது சட்டப்படி சரி. ஊர்வலத்திலும் சிலர் அப்படித்தான் வந்திருந்தனர். சூடு தொடங்கியதும் அவர்கள் ஓடினர். யார் குற்றவாளி, யார் பொதுமகன் என்று பிரித்தறிவது பெரும்பாடாகிவிட்டதாக நகரின் காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுன் பின்னர் சொன்னார். ஊர்வலத்தில் துப்பாக்கியுடன் வந்த ஓர் அப்பாவியின் படத்தைத் தேடப்படுபவர் என்று காவல்துறையே வெளியிட்டது.

அமெரிக்காவில் 100 பேருக்குச் சுமார் 120 துப்பாக்கிகள் பொதுமக்களிடம் இருப்பதாக ஜெனீவாவில் இயங்கும் சிறு ஆயுத ஆய்வு அமைப்பு 2018ல் மதிப்பிட்டது. மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம்! 1996 முதல் 2010 வரையிலான விவரங்களை ஆராய்ந்து 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வு, துப்பாக்கி மிகுந்த மாநிலங்களில் காவல்துறை அதிகாரிகள் கொல்லப்படும் விகிதம் துப்பாக்கி குறைந்த மாநிலங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று கண்டறிந்தது. அச்சம் இரு பக்கமும் வெட்டும் கத்தி. அங்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,000 பேர் காவல்துறையின் குண்டுக்குப் பலியாகின்றனர்.

சிங்கப்பூர் பிறவியிலேயே அமைதியான ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் இங்கே கொள்ளையர்களிடம் துப்பாக்கிகள் புழங்கின. லிம் பான் லிம் என்பவர் 1968ல் காவல்துறை அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நான்கு ஆண்டுகள் பிடிபடாமல் திரிந்தார். 1972 நவம்பரில் குவீன்ஸ்டவுன், மார்கரெட் டிரைவில் காவல்துறையுடன் நடந்த மோதலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே ஆயுதக் குற்றச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் புரியும்போது துப்பாக்கியால் சுட்டாலோ, சுட முயன்றாலோ மரண தண்டனை. குண்டு யார் மீதும் படாவிட்டாலும் அதேதான். சட்டவிரோதமாகக் கையில் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் குறைந்தது 6 பிரம்படிகளும். கடுமையான சட்டம்தான். உயிரிழப்பே நேராத குற்றத்துக்குத் தூக்கு சரியா என்ற கேள்வியை உங்கள் வகுப்பில் தாராளமாக விவாதிக்கலாம்.

துப்பாக்கியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். தேசிய சேவையில் சுடும் பயிற்சிக்குப் போனவர்களைக் கேட்டால், வெற்றுத் தோட்டாக் கூடுகளைக்கூட எண்ணி ஒப்படைத்த கதையைச் சொல்வார்கள். வெயிலில் ஒரு கூட்டைத் தேடி அலைந்த எரிச்சலும் அந்தக் கதையில் இருக்கும்.

சுவிட்சர்லாந்து இந்தக் கணக்கில் அடங்காது என்று சிலர் வாதிடுவர். அங்கே 100 பேருக்குச் சுமார் 28 துப்பாக்கிகள். ஆனாலும், அமெரிக்காபோல் காவல்துறையினர் மாள்வதில்லை. எண்ணிக்கை மட்டுமே எல்லாம் அல்ல என்பது சரியான வாதமே. ஆனால், அங்கே பல துப்பாக்கிகள் ராணுவச் சேவையோடும் சுடும் மன்றங்களோடும் தொடர்புடையவை. தற்காப்புக்கு என்று இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக எளிதில் அனுமதி கிடைக்காது.

நம் ஊரிலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 2015 ஜூனில் கூ டெக் புவாட் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்ட சந்தேக நபர் ஒருவர், காவலுக்கு நின்ற அதிகாரியின் ரிவால்வரைப் பறிக்க முயன்றார். அந்த இழுபறியில் மூன்று முறை குண்டு வெடித்தது, அதிகாரி காயமடைந்தார். பறிக்க முயன்றவருக்கு ஆயுள் தண்டனையும் 18 பிரம்படிகளும் கிடைத்தன. அந்த அறைக்குள் இருந்த ஒரே துப்பாக்கி காவல்துறையினுடையதுதான்.