குட்டைக் கியர் தண்டும் நெம்புகோலின் கணக்கும்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5, எஞ்சின் முன்புறத்தில் இருந்து பின்சக்கரங்களை இயக்கும், இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய திறந்த கார். அதன் கியர் பெட்டி எஞ்சினுக்கு நேர் பின்னால் நீளவாக்கில் அமைந்திருப்பதால், முன்சக்கர இயக்கமுள்ள பெரும்பாலான கார்களில் கைக்கும் பெட்டிக்கும் நடுவே செல்லும் கேபிள்களுக்கு இங்கே தேவையில்லை. கியர் தண்டு பெட்டியின் மேலேயே நின்று, உள்ளிருக்கும் கம்பியைத் தன் அடிமுனையால் நேரடியாகத் தள்ளுகிறது. பல்சக்கரங்களின் அசைவு கைப்பிடிவரை தெளிவாக எட்டுவதும், இக்காரின் கியர் மாற்றம் புகழப்படுவதும் இந்த அமைப்பால்தான். ஆயினும், கை நகரவேண்டிய தொலைவை இன்னும் குறைக்க விரும்பி, வெளியில் விற்கப்படும் குட்டைத் தண்டை வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் உரிமையாளர்கள் பலர்.

கியர் தண்டு ஒரு நெம்புகோல். நடுவிலுள்ள குண்டு அதன் ஆதாரப்புள்ளி. கணக்கின் வசதிக்காக, குண்டுக்கு மேலே 200 மில்லிமீட்டரும் கீழே 50 மில்லிமீட்டரும் நீளம் என்று கொண்டால், அடிமுனை 12 மில்லிமீட்டர் நகரக் கை 48 மில்லிமீட்டர் நகரவேண்டும். ஆதாரப்புள்ளியை 10 மில்லிமீட்டர் உயர்த்தி, மேல்புயத்தை 190 ஆகவும் கீழ்ப்புயத்தை 60 ஆகவும் ஆக்கினால், அதே வேலைக்குக் கை 38 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். ஆனால் அடிமுனையில் 120 நியூட்டன் விசை தேவைப்படும் இடத்தில், முன்பு 30 நியூட்டன் கொடுத்த கை இப்போது 38 நியூட்டன் கொடுக்கவேண்டும். தொலைவில் மிச்சம் பிடித்ததை விசையில் செலுத்தியே ஆகவேண்டும். எவ்வளவு நுட்பமாகக் கடைந்த தண்டும் இந்த விதிக்கு விலக்கல்ல.

அந்த விசை போய்ச்சேரும் இடம் சின்க்ரோமெஷ் எனப்படும் வேக ஒத்திசைவு அமைப்பு. காடிலாக் நிறுவனம் 1928-இல் தன் கார்களில் இதைக் கொண்டுவந்தது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்கள் இணைவதற்கு முன், கூம்பு வடிவ உள்முகமுள்ள பித்தளை வளையம் ஒன்று கியரின் கூம்பின்மேல் அழுந்தி, உராய்வால் வேகங்களைச் சமமாக்குகிறது. சமமாகும்வரை வளையத்தின் பற்கள் இணைப்பைத் தடுத்து நிற்கின்றன. வளையத்தின் நுண்ணிய வரிப்பள்ளங்கள் ஆயில் படலத்தை வழித்துத் தள்ளிய பிறகே உராய்வு பிடிப்பதால், இதற்குச் சிறிது நேரம் தேவை. குட்டைத் தண்டு கையின் பயணத்தைக் குறைக்கிறதே தவிர, வளையம் கேட்கும் நேரத்தைக் குறைப்பதில்லை. கை அதே விசையைக் கொடுத்தால் வளையத்துக்குச் சேரும் விசை குறைந்து, அந்த நேரம் சற்றுக் கூடவும் செய்யும்.

அப்படியானால், மாற்றிய உடனே பலரும் உணரும் மேம்பாட்டுக்குப் பெரும் காரணம் வேறாகவும் இருக்கலாம். தண்டின் அடிமுனையில் மாட்டியிருக்கும் சிறிய நைலான் புஷ் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, அங்கே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், நான்குக்கு ஒன்று என்ற புய விகிதத்தில் அது கைப்பிடியில் நான்கு மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். குட்டைத் தண்டைப் பொருத்துவோர் பெரும்பாலும் புஷ்ஷையும் ரப்பர் உறைகளையும் சேர்த்தே மாற்றுவதால், புதிய புஷ்ஷுக்கு உரிய பாராட்டு தண்டுக்குப் போய்விடுகிறது. பழைய காரில் முதலில் புஷ், உறை, ஆயில் ஆகியவற்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறை. செலவும் மிகக் குறைவு.

தண்டையே மாற்றுவதென்றால், காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் இட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிடியைத் திருகிக் கழற்றி, நடுப்பெட்டியை எடுக்கவேண்டும். மேல் உறையையும் கீழ் உறையையும் அகற்றியதும், தண்டைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்டுகள் தெரியும். அவற்றைத் தொடுவதற்கு முன் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்தெடுப்பது மிக முக்கியம். திறந்த துளைக்குள் விழும் மணல் உள்ளே தேய்மானத்தைத் தொடங்கிவைக்கும். தண்டை உருவியபின் துளையைச் சுத்தமான துணியால் மூடி, வளைந்த வாஷரும் புஷ்ஷும் இருந்த வரிசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டு அமரும் குழியில் பெட்டியின் ஆயிலிலிருந்து தனியாகச் சிறிதளவு ஆயில் நிற்பது பழைய எம்எக்ஸ்-5-களில் உள்ள ஏற்பாடு. கீழ் உறை கிழிந்த கார்களில் அது வற்றிப்போய், தண்டு உலர்ந்து உரசும். பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்து, கையேடு சொல்லும் தரத்தில் புதிதாக ஊற்றி, குண்டுக்குக் கிரீஸ் தடவியபின் புதிய தண்டை இறக்கவேண்டும்.

நடுப்பெட்டியை மூடுமுன், எஞ்சின் அணைந்திருக்கையில் கிளட்ச்சை மிதித்து, ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியர்களும் முழுமையாக விழுகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். நீண்ட அடிமுனை உள்ளே எங்கேனும் முட்டினால், கியர் பாதி மட்டுமே இணைந்து ஓட்டத்தில் நழுவும். பிறகு குளிர்ந்த ஆயிலுடன் முதல் ஓட்டம்: தடித்த ஆயிலை வளையம் வழித்தெடுக்க அதிக நேரம் ஆவதால், இரண்டாம் கியரில் பற்கள் கரகரத்தால், ஆயில் சூடேறும்வரை கையைச் சற்றுத் தாமதித்து அழுத்தவேண்டும். சூடான பிறகும் கரகரப்பு நீடித்தால் தேய்ந்திருப்பது பித்தளை வளையம். அதற்குப் பெட்டியையே இறக்கிப் பிரிக்கவேண்டியிருக்கும்.