அவள் மந்தமானவள் அல்லள்

கதைக்க விட்டால் தெளிவாகக் கதைப்பாள். பத்திரிகையைப் பிழையின்றி வாசிப்பாள். ஆனால் சந்தையில் மிச்சக்காசு எண்ணும்போது தடுமாறுவாள். பழகாத ஒழுங்கையில் விட்டால் திரும்பி வர வழி பிடிபடாது. முப்பது வயதாகியும் ஆள் கட்டை, பெரியபிள்ளை ஆகவுமில்லை. இப்படியான பெண்ணை வீட்டார் 'மந்தம்' என்று ஒதுக்குவதும், பெற்றோர் செய்த பாவம் என்று அயலார் கதைப்பதும் உண்டு. இரண்டுமே பிழை. இதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஒரு நிலையைப் பற்றி இங்கு அறிந்துகொள்வோம்.

டேர்னர் நிலை

விதை நெல்லுக்குள் பயிரின் குணம் அடங்கியிருப்பது போல, எமது உடலின் கலங்களுக்குள் நிறமூர்த்தங்கள் உள்ளன. வழமையாக அவை 46. பெண்களுக்கு அவற்றில் இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். சிலருக்கு இவ்விரண்டில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாமற் போகிறது. 1938இல் அமெரிக்க வைத்தியர் ஹென்றி டேர்னர் இந்நிலையை ஏழு பெண்களிடம் கண்டு விபரித்தார். எக்ஸ் குறைவதே காரணம் என்பது 1959இல் இங்கிலாந்தில் தெரியவந்தது. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 வரையான பெண் குழந்தைகளில் ஒருவர் இவ்வாறு பிறக்கின்றார். இது தற்செயலாக நேர்வது. தாயிலும் குற்றமில்லை, தகப்பனிலும் குற்றமில்லை.

எது இலகு, எது கடினம்?

இப்பெண்களில் பெரும்பாலானோரின் பொது அறிவுத்திறன் மற்றவர்களுடையதைப் போன்றதே. சொல்வளமும் வாசிப்பும் பலருக்கு நன்றாகவே உண்டு. கண்ணால் பார்த்து இடத்தையும் தூரத்தையும் திசையையும் கணிப்பதே கடினம். கணக்கும், ஒரே நேரத்தில் பல வேலைகளை ஒழுங்குபடுத்துவதும் சிலருக்குச் சிரமம். மற்றவரின் முகத்தில் தெரியும் பயத்தையும் கோபத்தையும் சிலர் சரியாக உணர்வதில்லை. அதனால் 'இங்கிதம் தெரியாதவள்' என்ற பெயர் வந்துவிடுகிறது. ஏச்சுக் கேட்டுக் கேட்டுக் கூச்சமும் தன்னம்பிக்கைக் குறைவும் வளர்கின்றன. சிலருக்குக் காதும் மந்தமாகலாம். கேளாததைக் கவனமின்மை என்று நாம் எண்ணிவிடுகிறோம். எல்லோருக்கும் எல்லாமே இருக்கும் என்றில்லை.

நாம் செய்யக்கூடியவை

அவளுடைய பலம் சொல். எனவே சொல்லாலேயே உதவுவோம். "அந்தப் பக்கம் போ" என்று கையைக் காட்டாமல், "கிணற்றடியில் வலப்பக்கம் திரும்பு, வேப்பமரம் வரும், அடுத்த வீடு" என்று சொல்லுவோம். ஊரில் காலாகாலமாகப் பழகிய பாதையில் வராத தடுமாற்றம், இடம்பெயர்ந்து வந்த புது இடத்தில் வெளியே தெரியலாம். அது புத்தி கெட்டதன் அடையாளமன்று. நாலைந்து தரம் கூட நடந்து, வழியை வாயால் சொல்லவைத்தால் அவள் பழகிக்கொள்வாள். வேலைகளை ஒவ்வொன்றாகக் கொடுப்போம். கணக்கைக் கொப்பியில் எழுதிச் செய்யவிடுவோம். எமக்குக் கவலையோ கோபமோ என்றால் முகத்தைத் தூக்கிக்கொண்டிராமல் வாய்விட்டுச் சொல்வோம். ஆள் கட்டை என்பதற்காகச் சின்னப்பிள்ளையாக நடத்தவேண்டாம். அவளைப் பற்றிய முடிவுகளில் அவளிடமே கேட்போம்.

வைத்தியரிடம் செல்க

கட்டையாக இருப்பதற்கும் மாதவிடாய் வராததற்கும் வேறு காரணங்களும் உண்டு. இரத்தத்தில் நிறமூர்த்தங்களைச் சோதித்தே இந்நிலையை உறுதிசெய்யலாம். சிறுவயதில் கண்டறிந்தால் வளர்ச்சிக்கான ஓமோன் ஊசி உதவும். சூலகம் பெரும்பாலும் வேலை செய்யாதபடியால் பெண்மைக்குரிய ஓமோன் மருந்தும் வேண்டும். எலும்பின் பலத்துக்கும் அது அவசியம். இருதயம், பெருநாடி, சிறுநீரகம், காது ஆகியவற்றையும் சோதிப்பிக்க வேண்டும். பெருநாடிக் கோளாறு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே "வயது போய்விட்டது, இனி என்னத்துக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

எம் வீட்டிலோ அயலிலோ மூலையில் இருத்தப்பட்ட ஒரு பெண் இருப்பாளாயின், அவள் செய்யமாட்டாதவற்றை எண்ணுவதை நிறுத்தி, செய்யக்கூடியவற்றைக் கேட்டறிவோம். நல்ல வாசிப்பும் தெளிந்த பேச்சும் உள்ளவள் சங்கக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கலாம், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கலாம். அந்த இடத்தை நாமே அவளுக்கு விடவேண்டும்.